சிடி அட்டையில் 'டிரெடிஷனல்' என்று அச்சடிப்பதற்கு முன்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். ரெனசான்ஸ் சந்தை ஒன்றில் பாடும் குழுவில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். "அக்கா, நாங்களும் ஒரு சிடி போடலாம்னு இருக்கோம். பிரச்சினை ஒண்ணும் இல்ல, எல்லாம் பழைய பாட்டுதான்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2022இல் நானும் என் கணவரிடம் இதையே சொன்னேன், ஒரு சொல் மாறாமல். அவளோடு ஒன்றரை மணி நேரம் பேசினேன். கடைசியில், "இதையெல்லாம் எழுதி வைங்கக்கா, எனக்குச் சொல்ல நீங்க இருந்தீங்க, உங்களுக்கு யாரும் இல்லையே" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தச் சந்தைகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1963 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் ஃபிலிஸ் பேட்டர்சன், ரான் பேட்டர்சன் என்ற தம்பதி, கேபிஎஃப்கே வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட ஒரு வார இறுதியில் நடத்திய விழாதான் தொடக்கம். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கிராமம் போல மரக்கடைகள் போட்டு, அந்தக் காலத்து உடை உடுத்தி, குதிரையேறி ஈட்டிப் போட்டி நடத்தி, வாட்டிய வான்கோழிக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டம் திரியும். இன்று அமெரிக்கா முழுக்க வார இறுதிகளில் நடக்கிறது. நான் ஓஹையோ, இண்டியானா, கென்டக்கி மூன்றும் சேரும் மூலையில் இருக்கிறேன். எந்தச் சந்தையில் பாடினேன் என்பதை இங்கே சொல்லவில்லை, நடந்ததற்கும் சந்தை நடத்துகிறவர்களுக்கும் சம்பந்தமில்லை.

2017இல் மகளுக்கு எட்டு வயது. அவளுக்குக் குதிரை காட்டக் கூட்டிப்போனோம். கிளம்பும் நேரத்தில் மதுக்கடைக் கொட்டகையிலிருந்து பாட்டுச் சத்தம். சந்தையின் கடைசி ஒரு மணி நேரம் 'பப் சிங்' நடக்கும். மைக் கிடையாது. பாடகர்கள் மேசைமேல் ஏறி நின்று ஒரு வரி எடுப்பார்கள், இருநூறு முந்நூறு பேர் குவளையை மேசையில் தட்டிக்கொண்டு பதில் வரி பாடுவார்கள். அன்றைக்குப் பாடியது மாலுமிகள் கயிறு இழுக்கும்போது பாடும் பாட்டு. ஒருவர் எடுக்க, மற்றவர் முடிக்க, முடிக்கிற இடத்தில் இழுப்பு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர் எங்களுடையது. தாத்தா கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார், நான் மணலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மொழி வேறு, கடல் வேறு, ஆனால் மூச்சு விடும் இடம் அதே. வீட்டுக்கு வரும் வழியில் காரில் அழுதுகொண்டே வந்தேன். அடுத்த வருஷமே ஒரு குழுவில் பயிற்சிக்குப் போய், 2019இல் ஐந்து பேரில் ஒருத்தியாக மேடை ஏறினேன்.

இதில் சேர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடைக்கு, அங்கே 'கார்ப்' என்பார்கள், முதல் வருஷமே 380 டாலர் போட்டேன். பாதிக்கு மேல் வீண். வெயில் காலத்தில் கம்பளிப் பாவாடை ஆகாது, லினன் துணி வாங்குங்கள், பழைய உடையை விற்கும் பாடகர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். மைக் இல்லாமல் தூசியில் எட்டு மணி நேரம் கத்திப் பாடினால் மூன்றாவது வாரம் தொண்டை போகும். போனால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், வாயை மூடிக்கொண்டு இருங்கள், அதுதான் மருந்து. வருமானம் என்பது பெரும்பாலும் தொப்பி வசூல்தான். பாடி முடித்துத் தொப்பியை நீட்டுவோம், விழுந்ததை ஐந்தாகப் பிரிப்போம். இங்கேதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும். எச்1பி வேலை விசாவில் இருப்பவர், வேலை அனுமதி அட்டை இல்லாமல் அவரைச் சார்ந்த எச்4 விசாவில் இருப்பவர், இந்தக் காசில் பங்கு வாங்கக் கூடாது. எச்1பி விசா உங்கள் நிறுவனத்து வேலைக்கு மட்டும்தான். என் கையில் கிரீன் கார்டு வந்த பிறகே தொப்பிப் பக்கம் போனேன். உங்கள் நிலைமையைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி சிடி கதை. நிகழ்ச்சி முடிந்ததும் ஆட்கள் வந்து, "இந்தப் பாட்டெல்லாம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்பார்கள். சந்தைக்கு வருகிறவர்கள் இன்னும் சிடி வாங்குகிறார்கள், நினைவுப்பொருள் மாதிரி. 2022 குளிர்காலத்தில் பதினான்கு பாட்டைப் பதிவு செய்தோம். ஸ்டூடியோ 26 மணி நேரம், மணிக்கு 50 டாலர், 1,300. ஒலிக் கலவைக்கும் மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச் சீரமைப்புக்கும் 700. அட்டை உறையோடு 500 சிடி அச்சிட 1,240. ஆக 3,240 டாலர். மற்ற நால்வரும் விற்பனையில் வரும் காசிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். என் கிரெடிட் கார்டில் கட்டினேன். சிடி அச்சிடும் நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியது. இந்தப் பதிவில் உள்ள எல்லாவற்றுக்கும் உரிமையோ அனுமதியோ என்னிடம் இருக்கிறது, வழக்கு என்று வந்தால் பொறுப்பு என்னுடையது என்று அதில் இருந்தது. குழுத் தலைவரிடம் கேட்டேன். "எல்லாம் டிரெடிஷனல், பயப்படாதே" என்றார். எழுதியவர் யாரென்று தெரியாத, யாருக்கும் உரிமை இல்லாத பழம்பாட்டு என்று அர்த்தம். அவர் பொய் சொல்லவில்லை. இருபது வருஷம் முன்பு வேறொரு சந்தையில் வேறொருவர் அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கற்றுக்கொடுத்திருக்கிறார். நான் கையெழுத்துப் போட்டேன். உறையின் பின்பக்கம் கீழே, 'எல்லாப் பாடல்களும் டிரெடிஷனல்' என்று ஒரு வரி. அந்த எழுத்துரு கூட நானே தேர்ந்தெடுத்தது.

இந்த இடத்தில் ஒன்று. பணம் கட்டுவதும் கையெழுத்துப் போடுவதும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. குழு எவ்வளவு நெருக்கமானதாக இருந்தாலும், செலவு யார் யார் பங்கு, வழக்கு வந்தால் யார் யார் பொறுப்பு, குழு பிரிந்தால் பதிவு யாருக்கு என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு ஸ்டூடியோவுக்குள் நுழையுங்கள். எங்களிடம் அந்த ஒரு பக்கம் இல்லை.

2023 செப்டம்பர், சந்தையின் இரண்டாவது வார இறுதி, ஞாயிறு மதியம். 71 சிடி விற்றிருந்தது, ஒன்று 15 டாலர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர் மேசைக்கு வந்தார். சாதாரண சட்டை, கட்டம் போட்ட தொப்பி. சிடியை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை ஒவ்வொரு பாட்டின் மேலும் வைத்து இறங்கி வந்தவர், ஆறாவது பாட்டில் விரலை நிறுத்தினார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விரல் நேராகக் கடைசி வரிக்குப் போனது. "இந்தப் பாட்டை எழுதியவர் பாட நான் நேரில் கேட்டிருக்கிறேன்" என்றார். "அவர் பெயர் ஸ்டான் ரோஜர்ஸ்." கோபமாகச் சொல்லவில்லை. இறந்துபோன அண்ணன் தம்பியைப் பற்றிப் பேசும் குரல். சிடியை மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் ஓடிப்போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கால் நகரவில்லை.

ஆறாவது பாட்டு 'பாரட்ஸ் பிரைவடியர்ஸ்'. அரசு அனுமதியோடு எதிரிக் கப்பலைக் கொள்ளையடிக்கக் கிளம்பும் ஓட்டைக் கப்பலின் கதை. ஆண்டு 1778 என்று பாட்டே தொடங்கும். வாத்தியம் இல்லாமல் மேசையைத் தட்டிப் பாடுவோம், கொட்டகையே அதிரும். இருநூற்று ஐம்பது வருஷத்துப் பாட்டு என்றுதான் நான் மேடையில் அறிமுகம் செய்துகொண்டிருந்தேன். எழுதப்பட்டது 1976இல். எழுதிய ஸ்டான் ரோஜர்ஸ் கனடாக்காரர். 1983 ஜூன் 2ஆம் தேதி, டெக்சாஸில் ஒரு நாட்டுப்புற இசை விழாவிலிருந்து திரும்பும்போது விமானத்தில் தீப்பிடித்து, அவசரமாகத் தரையிறங்கிய இடத்தில் 23 பேர் இறந்தார்கள். அவரும் ஒருவர். வயது 33. தரையிறங்கியது சின்சினாட்டி விமான நிலையத்தில். எங்கள் வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிஷம். அம்மா ஊரிலிருந்து வரும்போதெல்லாம் நான் போய் நிற்கும் விமான நிலையம். அவர் உயிர் போன இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, அவர் பாட்டை அவர் பெயர் இல்லாமல் விற்றுக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு பதினான்கு பாட்டையும் ஒவ்வொன்றாகத் தேடினேன். கணவர் இரண்டு மணிக்கு எழுந்து வந்து, "இன்னும் தூங்கலையா நீ?" என்றார். விடிகிற வரை தூங்கவில்லை. ஒன்பது பாட்டுக்குப் பயமில்லை. நான்கு இருபதாம் நூற்றாண்டுப் பாட்டு. மீதி ஒன்றுதான் என்னை ரொம்பக் குழப்பியது. 'பெட்லம் பாய்ஸ்' என்ற பைத்தியக்காரர் விடுதிப் பாட்டு. வரிகள் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, சந்தேகமே இல்லை. ஆனால் இன்று எல்லோரும் பாடும் மெட்டு 1960களில் நிக் ஜோன்ஸ், டேவ் மோரன் என்ற இருவர் போட்டது. அவர்கள் இருந்த ஹாலியார்ட் என்ற குழு, தெருவில் தாளாக விற்ற பழைய பாட்டு வரிகளைத் தேடியெடுத்துப் புது மெட்டுப் போட்டுப் பாடிவந்தது. ஆக, வரி நூலகத்தில் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. மெட்டை வேறாகத் தேட வேண்டும்.

எங்கள் சிடியில் இல்லாவிட்டாலும் சந்தைகளில் தினம் பாடப்படும் இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன், உங்கள் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். 'ஃபிட்லர்ஸ் கிரீன்' என்ற மீனவர் சொர்க்கப் பாட்டை 1966இல் எழுதியவர் ஜான் கானலி என்ற இங்கிலாந்துக்காரர். அயர்லாந்து மதுக்கடைகளில் கூட அதை ஐரிஷ் பழம்பாட்டு என்று நினைத்துப் பாடுகிறார்கள். 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஏதன்ரை' அயர்லாந்துப் பஞ்ச காலத்தைப் பற்றியது, எழுதியது பீட் செயின்ட் ஜான், 1979இல். 'மிங்குலே போட் சாங்' ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுப் படகோட்டிகளின் பாட்டு மாதிரியே இருக்கும். பழைய கேலிக் மெட்டுக்கு வரி எழுதியவர் கிளாஸ்கோவில் பாடகர் குழு நடத்திய ஹ்யூ ராபர்ட்டன், காலம் 1930கள். 'வைல்டு மவுண்டன் தைம்' பாட்டை ஸ்காட்லாந்துப் பழம்பாட்டு என்று அறிமுகம் செய்யாத குழுவே நான் பார்த்ததில்லை. ராபர்ட் டானஹில் என்ற நெசவாளக் கவிஞரின் பாட்டிலிருந்து கிளைத்து வந்தது உண்மை. ஆனால் நாம் பாடும் வடிவம் பெல்ஃபாஸ்டின் மக்பீக் குடும்பத்தாருடையது, 1957இல் பிபிசிக்காகப் பதிவானது. மறுபக்கம், 'ஸ்கை போட் சாங்' 1884இல் ஹரால்டு போல்ட்டன் வரி எழுதியது. அதுவும் பழம்பாட்டு இல்லை, ஆனால் அமெரிக்கச் சட்டப்படி காலம் கடந்துவிட்டது, பயமில்லாமல் பதிவு செய்யலாம். அமெரிக்காவில் வெளியாகித் தொண்ணூற்றைந்து ஆண்டு முடிந்த பாட்டு பொதுச்சொத்து என்பது மோட்டாவான கணக்கு.

திங்கள் மாலை குழுவைக் கூப்பிட்டுச் சொன்னேன். விற்பனையை நிறுத்த வேண்டும் என்றேன். தலைவர் சிரித்தார். "எல்லாச் சந்தையிலும் எல்லாக் குழுவும் இப்படித்தான் செய்கிறது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றார். இன்னொருவர், பருவம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். மற்ற இருவரும் வாய் திறக்கவில்லை. படிவத்தில் இருப்பது என் கையெழுத்து என்று சொன்னபோது, "அப்படியானால் முடிவும் உன்னுடையது" என்று பதில் வந்தது. நான்கு வருஷம் ஒரே குவளையில் தண்ணீர் குடித்தவர்கள். கொரோனா காலத்தில் வாரா வாரம் ஜூமில் சேர்ந்து பாடியவர்கள். நான் சிடிப் பெட்டிகளை எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மீதி ஆறு வார இறுதியும் மேசை காலி. வாரத்துக்கு முப்பத்தைந்து விற்றிருக்கும் என்று வைத்தாலும் 3,150 டாலர் போனது. அடுத்த பருவத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு வலித்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு விழிப்புத் தட்டும், போக இடமிருக்காது.

சட்டப் புத்தகத்தில் ஒரு பாட்டுக்கு 750 டாலரிலிருந்து 30,000 வரை, வேண்டுமென்றே செய்தால் 1,50,000 வரை அபராதம் என்று படித்ததும் ராத்திரியில் நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிட்டது. ஐந்து பாட்டுக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு, வீடு போய்விடுமோ என்று கூட நினைத்தேன். ஊருக்குப் போன் செய்தால் அம்மா குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "ஏட்டி, என்னத்தப் போட்டு மனசுல ஒழட்டுத?" என்றாள். சொல்லத் தெரியவில்லை. கடைசியில் 300 டாலர் கொடுத்து ஒரு வழக்கறிஞரை ஒரு மணி நேரம் பார்த்தேன். முதல் நாளே போயிருக்க வேண்டும், மூன்று வாரம் தூக்கத்தை விட்டுவிட்டுப் போனேன். கலைஞர்களுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ ஆலோசனை தரும் வழக்கறிஞர் அமைப்புகள் சில நகரங்களில் உண்டு, முதலில் அங்கே விசாரியுங்கள்.

அந்த வழக்கறிஞர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். உரிமையாளர் சம்மதத்தோடு ஒரு பாட்டு பதிவாகி வெளிவந்துவிட்டால், அதை வேறு யாரும் பாடி சிடி போடலாம், உரிமையாளர் மறுக்க முடியாது. ஆனால் விற்பதற்கு முன்னால் முறைப்படி தெரிவித்து, பிரதிக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். இதற்கு மெக்கானிக்கல் லைசென்ஸ் என்று பெயர். 2023இல் ஐந்து நிமிடத்துக்குள் முடியும் பாட்டுக்கு, பிரதி ஒன்றுக்கு 12 சென்ட். அதைவிட நீளமான பாட்டுக்கு நிமிடக் கணக்கு. ஹாரி ஃபாக்ஸ் ஏஜென்சியின் சாங்ஃபைல் போன்ற சேவைகளில் வீட்டிலிருந்தே வாங்கலாம். 500 சிடிக்கு ஒரு பாட்டுக்கு 60 டாலர். எங்கள் ஐந்து பாட்டுக்கும் சேர்த்து 300 டாலர், சேவைக் கட்டணம் தனி. அவ்வளவுதான். அதைக் கேட்டு அவர் அலுவலகத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். விற்ற 71 சிடிக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஐந்து பாட்டுக்கும் 42 டாலர் 60 சென்ட். ஆனால் சொல்லாமல் விற்றுவிட்டதால் இந்தச் சுலபமான வழி எங்களுக்கு அடைபட்டுவிட்டது. ஒவ்வொரு உரிமையாளரிடமும் நேராக எழுதிச் சம்மதம் கேட்பது ஒன்றே மிச்சம் என்றார்.

எழுதினேன். தவறு என்னுடையது, இத்தனை விற்றுவிட்டேன், நிறுத்திவிட்டேன், இதோ அதற்கான தொகை, மேற்கொண்டு விற்க அனுமதி வேண்டும் என்று ஐந்து கடிதம். நான்கு இடங்களிலிருந்து சம்மதம் வந்தது, கடைசி பதில் வர ஐந்து மாதம் ஆனது. கடிதத்தை மழுப்பாமல் எழுதுங்கள், எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லுங்கள். எனக்கு வந்த பதில்களில் ஒன்றில், யாரும் இப்படி எழுதுவதில்லை, நன்றி என்று இருந்தது. அதை வெகு நேரம் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐந்தாவது இடத்திலிருந்து பதிலே இல்லை. அந்தப் பாட்டோடு பழைய சிடியை விற்க முடியாது என்பதால், 2024இல் அதை நீக்கிப் பதின்மூன்று பாட்டோடு 300 சிடி மறுபடி அச்சிட்டேன், 980 டாலர். அந்த ஆண்டு விகிதம் 12.4 சென்ட், நான்கு பாட்டுக்கும் 148 டாலர் 80 சென்ட். பழைய குழுவினரிடம் சம்மதம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், நீயே வைத்துக்கொள் என்று பதில் போட்டார்கள். மீந்திருந்த 429 சிடியையும் நானும் மகளும் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் உறை கிழித்து, அட்டை வேறு தட்டு வேறாகப் பிரித்து மறுசுழற்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு சாயங்காலம் ஆனது. சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு ஏறக்குறைய 4,800 டாலர். பழையதும் புதியதுமாக இதுவரை விற்று வந்தது 3,465. மிச்சம் 1,300 டாலருக்கு மேல் இன்னும் என் கையிலிருந்து போனதுதான்.

எப்படித் தேடுவது என்று போன் செய்த அந்தப் பெண் கேட்டாள். நான் இப்போது செய்வது இதுதான். லண்டனில் வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையதளத்தில் ஆங்கில நாட்டுப்புறப் பாட்டுகளின் ரவுட் அட்டவணை இருக்கிறது. ஸ்டீவ் ரவுட் என்ற நூலகர் தொகுத்தது, சுமார் 25,000 பாட்டுக்கு எண் கொடுத்திருக்கிறார். அங்கே தொடங்குவேன். ஆனால் எண் இருந்தால் பழம்பாட்டு என்று முடிவுகட்டக் கூடாது. 'வைல்டு மவுண்டன் தைம்' பாட்டுக்கும் 541 என்று எண் உண்டு. எண்ணுக்குக் கீழே இருக்கும் மிகப் பழைய பதிவு எந்த ஆண்டு, அதில் இருப்பது நான் பாடும் வரிகள்தானா என்று பார்ப்பேன். கதைப்பாடல் என்றால் ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை வெளியிட்ட தொகுப்பில் 305 பாடல்கள் உண்டு. நம் ஊரில் நல்லதங்காள் கதைக்கு ஊருக்கு ஒரு பாடம் இருப்பது போல, அவர் ஒரே கதைக்குக் கிடைத்த பாடங்களையெல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கொடுத்திருப்பார். தெருவில் தாளாக விற்ற பாட்டுகளுக்குக் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகம் ஒரு இணையக் காப்பகம் வைத்திருக்கிறது, மூலத்தாளின் படமே பார்க்கலாம். இதெல்லாம் முடிந்த பிறகு, பாட்டு எழுதியவர்களுக்காக உரிமத்தொகை வசூலிக்கும் அஸ்காப், பிஎம்ஐ அமைப்புகளின் தளங்களில் பாட்டின் பெயரைப் போட்டு யாராவது உரிமை கோரியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். ஒரே பெயரில் பத்துப் பாட்டு வரும், ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கப் பொறுமை வேண்டும். கடைசியாக, இந்த மெட்டை நான் யாரிடம் கற்றேன், அவர் எந்த இசைத்தட்டிலிருந்து கற்றார் என்று பின்னோக்கிப் போவேன். அந்தப் பழைய இசைத்தட்டின் உறையில் பெரும்பாலும் விடை இருக்கும்.

இன்னும் இரண்டு. சந்தையில் நேரில் பாடுவதற்கான உரிமத்தைப் பொதுவாக நடத்துகிறவர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள், ஒப்பந்தத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். காணொளியாகப் போடுவது தனி அனுமதி, சிடிக்கு வாங்கிய உரிமம் அதற்குச் செல்லாது.

இவ்வளவு பயமும் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு, கடல் போலப் பழைய பாட்டு கிடக்கிறது. தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்ற ஆங்கிலேய இசைக்காரர் 1609இல் இரண்டு தொகுப்பும் 1611இல் ஒன்றும் அச்சிட்டார். ஒருவர் பின் ஒருவர் சுற்றி வந்து பாடும் குடிப்பாட்டு, மூன்று காகம் இறந்த வீரனைப் பார்த்துப் பேசும் கதைப்பாடல் எல்லாம் மெட்டோடு இருக்கிறது. 'பார்பரா ஆலன்' பாட்டை 1666 ஜனவரி 2ஆம் தேதி ஒரு நடிகை பாடக் கேட்டதாக, அந்தக் காலத்து லண்டன்காரரான சாமுவேல் பெப்பீஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எந்த இசைத்தட்டையும் கேட்காமல், நேராக இப்படிப்பட்ட பழைய அச்சுப் பக்கத்திலிருந்து கற்றுக்கொண்டால் யாருக்கும் கடன் இல்லை. நானும் டல்சிமர் என்ற தந்திக் கருவி வாசிக்கும் ஒரு பெண்ணும் இப்போது இருவராக அப்படித்தான் கற்கிறோம். புதிய பாட்டுகளையும் விடவில்லை. 'பாரட்ஸ் பிரைவடியர்ஸ்' எடுப்பதற்கு முன்னால், 1976, ஸ்டான் ரோஜர்ஸ் என்று சொல்லிவிட்டு மேசையைத் தட்டுகிறேன். சொன்னதால் கூட்டம் குறைவாகப் பாடியதில்லை. கூட்டத்தில் அந்தக் கட்டம் போட்ட தொப்பியைத் தேடுகிறேன், இதுவரை கண்ணில் படவில்லை.

பதில் வராத ஐந்தாவது பாட்டுக்கு 71 சிடிக்கான தொகை 8 டாலர் 52 சென்ட். அதை ஒரு உறையில் போட்டுப் பாட்டின் பெயரையும் எழுதியவர் பெயரையும் மேலே எழுதி, சாமி அலமாரியில் வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் ஜனவரியில் முகவரியைச் சரிபார்த்து மறுபடி ஒரு கடிதம் போடுகிறேன். இந்த ஜனவரியில் போட்டது மூன்றாவது.